விவசாயம் படித்தால் பிள்ளை திரும்பவும் மலைக்குத்தான் போகுமா?

 

பதிவு கொஞ்சம் நீளம். உயர்தரம் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டாரும், பட்டம் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கும் தம்பி தங்கைகளும் கடைசி வரை வாசியுங்கள். சொல்லப்போவது விவசாயக் கல்வியில் மேற்படிப்பு பற்றி. அதற்கு என்ன தகைமை கேட்கிறார்கள், அந்தத் தகைமை ஊவாவில் நம் பிள்ளைகளுக்கு ஏன் எட்டாமல் போகிறது என்பது பற்றி.

பத்தாம் ஆண்டில் பாடத்தொகுதி தெரிவு செய்யும் காலத்தில் ஒரு தாய் என்னிடம் வந்தார். மகள் "விவசாயமும் உணவுத் தொழினுட்பமும்" பாடத்தை எடுத்திருந்தாள். அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். "சேர், நாங்கதான் காலையில ஆறு மணிக்குக் கூடையைத் தூக்குறோம். இவளும் மண்ணையே படிக்கணுமா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நான்கு ஐந்து தலைமுறையாக மண்ணில் உழைத்தும், நிற்கும் இடம்கூடச் சொந்தமில்லாத மக்களின் கேள்வி அது. லயத்தில் பிறந்த ஒருவருக்கு விவசாயம் என்றால் கொழுந்து, கங்காணி, பெயர் போடுவது, அரைப் பேர். படிப்பு என்பதே அதிலிருந்து வெளியே போகும் கதவு. அந்தக் கதவிலேயே "விவசாயம்" என்று எழுதியிருந்தால் பயம் வராமல் என்ன செய்யும்?

எங்கள் முஸ்லிம் வீடுகளிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மரக்கறி வியாபாரத்தில் வளர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. உருளைக்கிழங்கின் விலை தெரியும், லொறியின் கூலி தெரியும். ஆனால் மகன் விவசாயம் படிக்கப் போகிறேன் என்றால் வாப்பாவின் முகம் சுருங்கிவிடும். டொக்டர், இன்ஜினியர், இல்லாவிட்டால் கடை.

இப்படி இரண்டு சமூகமும் ஒதுங்கிய இடத்தில் இன்று என்ன வெற்றிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே அடியாகத் தடை செய்தது. நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. இடையில் போன போகத்தில் வெலிமடை, ஊவா பரணகம தோட்டக்காரர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்று இங்கே வாதாட வரவில்லை. உரம் இல்லை என்ற நிலையில் எந்தப் பயிருக்கு எதை, எவ்வளவு, எப்போது போடலாம் என்று தமிழில் சொல்லிக்கொடுக்க எத்தனை பேர் நம் ஊரில் இருந்தார்கள்? பலருக்குக் கடைக்காரர் சொன்னதுதான் ஆலோசனை, யூடியூப்தான் பாடசாலை.

அதைவிடக் கனமான ஒன்று, 2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் செய்திகளில் வந்தது. அந்த மக்களை வேறு இடத்தில் குடியேற்றாதது நிர்வாகங்களின் பொறுப்பு, அதை யாரும் கல்வியின் தலையில் போட முடியாது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. மண்ணைப் பற்றிய அறிவு அலுவலகக் கோப்பில் இருந்தது, அந்த மண்ணின் மேல் தூங்கியவர்களிடம் உரிய மொழியில், உரிய முறையில், திரும்பத் திரும்பப் போய்ச் சேரவில்லை.

அறிவை அது தேவைப்படும் ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனி ஒரு துறை. அதன் பெயர்தான் விவசாயக் கல்வி, விவசாய விரிவாக்கம். விவசாயம் தெரிந்தவர் எல்லோருக்கும் அது வந்துவிடாது. கணிதம் தெரிந்த எல்லோரும் கணித ஆசிரியராக முடியாது என்பது நமக்குத் தெரியும்தானே?

உலகம் இதை எப்போதோ புரிந்துகொண்டது. அமெரிக்கா 1917 இல் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தின் மூலம் பாடசாலைகளில் விவசாயம் கற்பிப்பதற்கும், அதைக் கற்பிக்கும் ஆசிரியரைப் பயிற்றுவதற்கும் மத்திய அரசின் பணத்தை ஒதுக்கியது. அக்கரையில் சென்னை சைதாப்பேட்டையில் 1868 இல் தொடங்கிய விவசாயப் பள்ளி 1906 இல் கோயம்புத்தூருக்குப் போய், 1971 இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கே வேளாண் விரிவாக்கம் தனித்துறை, அதில் முதுநிலைப் பட்டமும் உண்டு. நம் நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விரிவாக்கத் துறை இருக்கிறது. 1975 இல் நிறுவப்பட்ட விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகமும் பேராதனையில்தான் இருக்கிறது. முதுமாணி, எம்.பில்., கலாநிதிப் பட்டம் மூன்றுக்கும் அங்கே வழி உண்டு.

சரி, அங்கே போய்ச் சேர ஒரு பிள்ளை ஏற வேண்டிய படிகள் எவை? நேராகவே சொல்கிறேன்.

முதலாவது படி உயர்தரம். உயிரியல், இரசாயனவியல் ஆகியவற்றோடு பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்த பிள்ளையும் விவசாய பீடத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவத்துக்கு அந்தச் சேர்க்கை உதவாது, விவசாயத்துக்கு உதவும். இது தெரியாமலேயே பௌதிகவியலுக்குப் பயந்து உயிரியல் பிரிவையே விட்டு ஓடும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். 2013 முதல் தொழினுட்பப் பிரிவும் இருக்கிறது. அதில் "உயிர்முறைமைகள் தொழினுட்பவியல்" எடுத்தால் அதற்கென்றே பட்டப்படிப்புகள் உண்டு.

இரண்டாவது படி பல்கலைக்கழக அனுமதி, அதாவது இஸட் புள்ளி. விஞ்ஞானப் பிரிவுகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் பதுளையும் இருக்கிறது, மொனராகலையும் இருக்கிறது. சலுகை நம் மாவட்டத்தின் பெயரில்தான் வருகிறது. ஆனால் பதுளை மாவட்டம் என்ற பெயருக்குள் நகரத்துப் பெரிய பாடசாலையும் இருக்கிறது, லுணுகலைப் பக்கத்து, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையும் இருக்கிறது. வெட்டுப்புள்ளிக்கு இரண்டும் ஒன்றுதான். விஞ்ஞான ஆய்வுகூடத்தின் கதவு எப்போதாவது திறக்கும் பாடசாலையின் பிள்ளையும், ஞாயிற்றுக்கிழமை மூன்று டியூஷன் போகும் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

மூன்றாவது படி பட்டம். இங்கேதான் ஒரு வேடிக்கை. நம் பதுளையிலேயே, பசறை வீதியில், 2005 இல் உருவான ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏற்றுமதி விவசாயம், விலங்கு விஞ்ஞானம், தேயிலைத் தொழினுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்று நம் மண்ணுக்கென்றே தைத்த சட்டை மாதிரிப் படிப்புகள். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வந்து தேயிலையைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிப் போகிறார்கள். வாங்கட்டும், நல்லது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகும் நம் தோட்டங்களிலிருந்து எத்தனை பேர் உள்ளே போனார்கள்? உங்கள் தோட்டத்தில் ஒரு கையை விரித்து எண்ணிப் பாருங்கள். விரல் மிஞ்சும்.

நான்காவது படிதான் பட்டப்பின் படிப்பு. இங்கே இரண்டு கதவுகள்.

ஒன்று விவசாயக் கதவு. பேராதனை போன்ற இடத்தில் விரிவாக்கத் துறையில் முதுமாணி. விவசாயப் பட்டமோ அதோடு தொடர்புடைய பட்டமோ வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி நான்கு வருட சிறப்புப் பட்டம் 6 ஆம் மட்டம். பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9 ஆம் மட்டம், குறைந்தது 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10 ஆம் மட்டம், 60 கிரெடிட். பிற்காலத்தில் விரிவுரையாளராக வர ஆசைப்படுகிறவர் ஆய்வு இல்லாத முதுமாணியை எடுத்துவிட்டுப் பிறகு கவலைப்படக் கூடாது. தொடங்கும்போதே எந்த மட்டம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றது கல்விக் கதவு. பட்டம் பெற்று ஆசிரியரானவர் பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்து, அதிலிருந்து முதுகல்விமாணிக்குப் போவது. இதைத் தமிழில் படிக்க வழி உண்டு. திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் பதுளையிலேயே இருக்கிறது. வேலையையும் குடும்பத்தையும் விடாமல் படிக்கலாம்.

இந்த இரண்டு கதவுக்கும் இடையில்தான் நம் ஆள் மாட்டிக்கொள்கிறார். விவசாயப் பக்கம் போனால் வகுப்பறை பின்னுக்குப் போகிறது. கல்விப் பக்கம் போனால் விவசாயம் பின்னுக்குப் போகிறது. தோட்டப் பாடசாலையில் விவசாயப் பாடத்தைத் தமிழில் எப்படிக் கற்பிப்பது, லயத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் துண்டு நிலத்தை எப்படி ஆய்வுகூடமாக்குவது என்று ஆராய ஆசைப்படும் ஒருவர் இரண்டு பக்கமும் பாதி ஆளாக நிற்க வேண்டியிருக்கிறது.

என் கருத்தைச் சொல்கிறேன். பட்டப்பின் அனுமதிக்குத் தகைமை கேட்பது சரி. தரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. குறைத்த தரத்தால் முதலில் ஏமாறுவது நம் பிள்ளைகள்தான். தரத்தைக் குறைத்து, சம்பளத்தையும் குறைத்து ஆள் எடுத்தால் என்ன நடக்கும் என்பதைத் தோட்டப் பாடசாலைகள் ஏற்கெனவே அனுபவித்தவை. ஆனால் எதைத் தகைமை என்று எண்ணுகிறோம் என்பதில் எனக்கு வழக்கு உண்டு. பத்து வருடம் தோட்டப் பாடசாலையில் விவசாயம் கற்பித்தவருக்கு ஒரு பெறுமதி உண்டு. கமநல சேவைப் பிரிவில் வெயிலில் நடந்த விவசாயப் போதனாசிரியருக்கும் அது உண்டு. புள்ளிப் பத்திரத்தில் அது தெரியாது. நேர்முகத் தேர்வில் அதற்கு எழுதி வைத்த ஓர் இடம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தையும் வாசலில் சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்பாமல், சேர்வதற்கு முன் ஆறு மாத ஆயத்த வகுப்பாகக் கொடுக்கலாம். ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கட்டும். அந்த ஆய்வில் கிடைத்த பலனைத் தமிழிலும் சிங்களத்திலும் பத்துப் பக்கம் எழுதி மக்களிடம் கொடுப்பதையும் பட்டத்தின் நிபந்தனையாக்கலாம். மக்களிடம் அறிவைக் கொண்டுசேர்க்கும் துறைக்கு இதைவிடப் பொருத்தமான பரீட்சை எது?

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை. இஸட் புள்ளி வராவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். விவசாயத் திணைக்களத்தின் விவசாயக் கல்லூரிகள் இருக்கின்றன. வவுனியாவில் தமிழில் படிக்கலாம், நம் மாகாணத்திலேயே பிபிலையிலும் ஒன்று உண்டு. அம்பாறை ஹார்டியில் விவசாயத்தில் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. தகைமைகள் சட்டகத்தில் என்.வீ.கியூ. 5 ஆம் மட்டம் டிப்ளோமாவுக்குச் சமம், 6 உயர் டிப்ளோமாவுக்கு, 7 பட்டத்துக்கு. அதாவது டிப்ளோமாவில் தொடங்கியவருக்கும் மேலே ஏறிப் பட்டத்தையும் அதற்கு மேலேயும் தொட ஏணி சாத்தி வைத்திருக்கிறது. மெதுவான ஏணிதான். ஆனால் ஆடாது. விவசாயப் போதனாசிரியர் பதவிக்கு வழி இந்த டிப்ளோமாதான் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. 1947 இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுத்து வருகிறது. இலங்கையருக்கான மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிப் படிப்புக்கானது. அதில் பொறியியல், விஞ்ஞானத்தோடு விவசாயத்துக்கும் முன்னுரிமை என்று விளம்பரத்திலேயே போடுவார்கள். தமிழ் தெரிந்த ஒரு விவசாயப் பட்டதாரிக்குக் கோயம்புத்தூர் ஒன்றும் அந்நிய ஊர் இல்லை. விளம்பரம் பத்திரிகையில் வரும் நாளில் நாம் வேறு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். விவசாயம் படித்த பிள்ளை திரும்பவும் மலைக்குப் போகுமா?

போகலாம். ஆனால் கூடையோடு போகாது. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் நிலையம் இருக்கிறது, பண்டாரவளையில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மாகாண விவசாயத் திணைக்களம் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. இவை எல்லாம் நம் வீட்டு வாசலில் நிற்கும் கட்டடங்கள். அவற்றுக்குள் தமிழ் பேசும் ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால், மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஆயிரம் பேருக்குப் பேச்சு வரும்.

அவசரமும் உண்டு. தோட்டக் கம்பனிகள் தேயிலைச் செடிகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் பராமரிக்க வைக்கும் முறைக்கு மாறப் பார்க்கின்றன. அது நல்லதா கெட்டதா என்பது தொழிற்சங்கங்கள் பேச வேண்டிய விஷயம். நடந்தால் அந்தக் குடும்பம் உரக் கணக்கு, கவ்வாத்து, மண்ணரிப்பு, ஒப்பந்தத்தின் சின்ன எழுத்து எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். தலைமுறைகளாகச் சொன்ன வேலையைச் செய்யப் பழக்கப்பட்டவரை, தானே முடிவெடுக்கும் விவசாயியாக்க ஒரு ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியரை யார் உருவாக்குவது? வெளியூரிலிருந்து வருபவர் இரண்டு வருடத்தில் இடமாற்றம் வாங்கிப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் வீடு உண்டு. நம் ஊர்ப் பிள்ளை படித்தால்தான் நம் ஊரில் நிற்கும்.

ஆகவே மூன்று பேரிடம் மூன்று வேண்டுகோள்.

பெற்றோருக்கு: பத்தாம் ஆண்டில் பிள்ளை விவசாயப் பாடம் எடுத்தால் சிரிக்காதீர்கள். உயர்தரத்தில் விஞ்ஞானத்தைக் கைவிடும் முன் ஒரு தடவை பாடசாலைக்கு வந்து கேளுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூல் ஒவ்வொரு வருடமும் வருகிறது. எந்தப் பாடச் சேர்க்கைக்கு எந்தப் பட்டம் என்று அதில் தமிழிலேயே இருக்கிறது. வாட்சப்பில் வரும் தகவலை நம்ப வேண்டாம், கைநூலைத் திறவுங்கள்.

பட்டதாரித் தம்பி தங்கைகளுக்கு: வெல்லஸ்ஸயிலோ, வந்தாறுமூலையிலோ, கிளிநொச்சியிலோ, பேராதனையிலோ விவசாயம் படித்திருந்தால் அரச நியமனம் வரும் வரை வீட்டில் காத்திருக்காதீர்கள். பட்டச் சான்றிதழையும் பெறுபேற்றுப் பத்திரத்தையும் இன்றே எடுத்து வையுங்கள், கேட்ட பிறகு ஓடினால் மாதங்கள் போகும். உங்களுக்குப் படிப்பித்த விரிவுரையாளர்கள் இருவரோடு தொடர்பில் இருங்கள், பரிந்துரைக் கடிதம் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் நீங்கள் கண்ட ஒரு பிரச்சினையை ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஆய்வு அதிலிருந்துதான் தொடங்கும்.

ஊர்ப் பெரியவர்களுக்கு: பள்ளிவாசல் நிர்வாகமும், கோவில் பரிபாலன சபையும், பழைய மாணவர் சங்கமும் கட்டடத்துக்குப் பணம் சேர்ப்பதில் கெட்டிக்காரர்கள். வருடத்துக்கு ஒரு பிள்ளையின் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பக் கட்டணம், பஸ் காசு, முதல் தவணைக் கட்டணம், இதைச் சேர்க்க முடியாதா? முஸ்லிம் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்று பார்க்காமல் ஊவாவின் பிள்ளை என்று பார்த்துச் செய்யலாம். சந்தையில் ஒருவர் விளைவிக்க மற்றவர் விற்று இத்தனை காலம் ஒன்றாகத்தானே சாப்பிட்டோம்.

உயர்தர உயிரியல் பிரிவில் விவசாய விஞ்ஞானம் தமிழில் கற்பிக்கும் பாடசாலைகள் உங்கள் பக்கம் எவை என்று கீழே எழுதுங்கள். பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒருவர் எழுதினால் போதும். அதை ஒரு பட்டியலாக்கி எல்லாப் பாடசாலைக்கும் அனுப்பும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

விவசாயத்தில் பட்டம் முடித்த யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பதிவை அவருக்குக் காட்டுங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் இன்பொக்ஸில் வரட்டும். சனிக்கிழமை பின்னேரங்களில் நான் சும்மாதான் இருக்கிறேன்.